பதினைந்தா? பதினாறா?



ஆண்டு மலருக்குக் கட்டுரை தரும்படி எங்கள் தமிழம்மா கேட்டபோது, முதலில் மழைக்காலத்தைப் பற்றி எழுதலாமா என்று யோசித்தேன். பிறகு எங்கள் வகுப்புச் சுற்றுலாவைப் பற்றி எழுதலாமா என்று யோசித்தேன். ஆனால் பேனாவைக் கையில் எடுத்தபோதெல்லாம் ஒரே ஒரு நிகழ்ச்சிதான் கண்முன் வந்து நின்றது. அது நான் செய்த ஒரு பிழையைப் பற்றியது. பிழையை ஒப்புக்கொள்ள ஆலயத்தில் ஓர் இடம் இருக்கிறது, அங்கே ஒப்புக்கொண்டுவிட்டேன். ஆயினும் அந்தப் பிழையிலிருந்து நான் கற்றுக்கொண்டது உங்களுக்கும் பயன்படக் கூடும் என்று தோன்றுவதால் இங்கேயும் எழுதுகிறேன்.

எங்கள் போர்டிங்கில் அறுபத்து நான்கு பிள்ளைகள் இருக்கிறோம். வீட்டுக்குப் போகும் நாள் எது, எத்தனை மணிக்குப் பெற்றோர் வரவேண்டும், எந்த நாளில் திரும்பி வரவேண்டும் என்பதையெல்லாம் முன்பு ஒரு துண்டுத் தாளில் அச்சிட்டுக் கொடுப்பார்கள். அந்தத் தாள் பாவாடைப் பையிலேயே இருந்து, துணியோடு துவைக்கப்பட்டு, வெள்ளை உருண்டையாக வெளியே வரும். ஆகவே 2025 ஜூன் மாதம் பள்ளி திறந்தவுடன் போர்டிங் சிஸ்டர் என்னை அழைத்து, "நீதான் கம்ப்யூட்டர் வகுப்பில் நன்றாகச் செய்கிறாயாமே. பெற்றோர் வீட்டிலிருந்தே பார்க்கும்படி நமக்கு ஒரு பக்கம் செய்து தா" என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை!

இரண்டு வாரம் கணினி அறையே கதியென்று கிடந்தேன். நீல நிறக் கரை, மேலே மாதாவின் படம், கீழே விடுதியின் தொலைபேசி எண்கள், நடுவில் வீட்டுக்குப் போகும் நாள். அத்துடன் விட்டேனா? "இன்னும் ஒன்பது நாட்கள்", "இன்னும் எட்டு நாட்கள்" என்று தானாகவே குறைந்துகொண்டு வரும் ஓர் எண்ணையும் வைத்தேன். என் தோழியர் அதைப் பார்த்து வாய் பிளந்தனர். அதன் பிறகு நான் நடந்த நடையைப் பார்த்திருந்தால் நீங்கள் சிரித்திருப்பீர்கள்.

ஆகஸ்ட் மாதம் வந்தது. நம் நாட்டின் விடுதலை நாளும் மாதாவின் விண்ணேற்புப் பெருவிழாவும் ஆகஸ்ட் 15ஆம் நாளன்று சேர்ந்தே வருவது நமக்கெல்லாம் தெரிந்ததே. 2025இல் அது வெள்ளிக்கிழமை. முதலில் 16ஆம் தேதி, சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பிள்ளைகளை அனுப்புவதென்று முடிவாயிற்று. நானும் அப்படியே பக்கத்தில் எழுதினேன். பிறகு, திருப்பலியும் கொடியேற்றமும் முடிந்தவுடன் வெள்ளிக்கிழமை பகலிலேயே அனுப்பினால் பிள்ளைகளுக்கு வீட்டில் ஒரு நாள் கூடுதலாகக் கிடைக்குமே என்று சிஸ்டர் தேதியை மாற்றினார்கள். ஒரே நிமிடத்தில் நான் அதைப் பக்கத்தில் மாற்றிவிட்டேன். என் அம்மாவின் கைபேசியிலும் கணினி அறையிலும் பார்த்தோம். "ஆகஸ்ட் 15, வெள்ளிக்கிழமை, பகல் 12 மணி" என்று அழகாக வந்தது.

பெருவிழா நாளும் வந்தது. பாடற்பலி முடிந்து, கொடியேற்றி, பாயசத்தோடு சாப்பாடும் ஆயிற்று. பன்னிரண்டு மணிக்கெல்லாம் வாசலில் ஆட்டோவும் மோட்டார் சைக்கிளும் நிறைந்துவிட்டன. பத்தாம் வகுப்புக்கு மட்டும் விடுமுறை ஏது? சிறப்பு வகுப்புக்காக நாங்கள் தங்கிவிட்டோம். மற்ற பிள்ளைகளின் பெட்டிகளைத் தூக்கி உதவினோம். மூன்று மணிக்கு முற்றம் காலியாயிற்று.

ஒருத்தி மட்டும் போகவில்லை. ஆறாம் வகுப்புத் தங்கை. இந்த ஆண்டுதான் முதன்முதலாக வீட்டை விட்டு வந்தவள். இரட்டைச் சடை பின்னிச் சிவப்பு ரிப்பன் கட்டி, மாதா கெபியின் படியில் பையை மடியில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் அப்பா உப்பளத்தில் வேலை செய்கிறவர். சிஸ்டர் இரண்டு முறை கைபேசியில் அழைத்தும் யாரும் எடுக்கவில்லை. உப்புத் தண்ணீர் பட்டுவிடும் என்று அவர் கைபேசியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவாராம்.

நான்கு மணி ஆயிற்று, ஐந்து ஆயிற்று. நாங்கள் சிலர் வராந்தாவில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். "பாவம், அவங்க அப்பா மறந்துட்டாங்க போல" என்றாள் ஒருத்தி. அப்போது நான் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுதக் கை கூசுகிறது. "பக்கத்தில் எவ்வளவு பெரிய எழுத்தில் போட்டிருக்கிறேன்! தமிழில்தானே இருக்கிறது? படிக்கத் தெரிந்தால் போதுமே" என்றேன்.

அந்தப் பிள்ளையின் காதில் அது விழுந்துவிட்டது. அவள் எழுந்து வந்து எங்கள் முன் நின்றாள். "எங்க அப்பாவுக்குப் படிக்கத் தெரியும்க்கா. எட்டாப்பு வரைக்கும் படிச்சிருக்காங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் போய் அதே படியில் உட்கார்ந்துகொண்டாள்.

இரவு எட்டு மணிக்கு அவள் அப்பாவே அழைத்தார். அதற்குள் கடைசிப் பேருந்து போய்விட்டது. காலையில் வருகிறேன் என்றார். காலியான படுக்கைகளுக்கு நடுவே அவள் ஒருத்தி மட்டும் தன் படுக்கையில் கிடப்பாளே என்று சிஸ்டர் அவளைத் தம் அறைக்குப் பக்கத்தில் படுக்க வைத்தார்கள். இரவு ஜெபத்துக்குப் பிறகு அந்தப் பக்கமாகப் போனபோது, போர்வைக்குள் அவள் விசும்பும் சத்தம் கேட்டது. எனக்கு அப்போதும் அவள் அப்பாவின் மேல்தான் கோபம்.

மறுநாள் காலை எட்டரை மணிக்கே அவர் வந்துவிட்டார். துவைத்து மடித்த வெள்ளைச் சட்டை. உப்பில் நின்று நின்று வெடித்த பாதங்கள். பிள்ளை ஓடிப்போய் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"என்ன அண்ணாச்சி, நேத்தே வந்திருக்க வேண்டாமா? பிள்ளை ராத்திரி பூரா தூங்கலையே" என்றார்கள் சிஸ்டர்.

"இன்னைக்குக் காலையில ஒன்பது மணின்னுதானே சிஸ்டரம்மா போட்டிருந்துச்சு? பிந்திரக்கூடாதேன்னு முதல் பஸ்ஸுக்கே வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே அவர் சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுத்தார். அது ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. ஒரு மூலையில் கண்ணாடி உடைந்திருந்தது. பக்கத்தைத் திறந்து சிஸ்டரிடம் நீட்டினார்.

நான் எட்டிப் பார்த்தேன். என் நீல நிறக் கரை, மாதாவின் படம், எல்லாம் இருந்தன. நடுவில், "ஆகஸ்ட் 16, சனிக்கிழமை, காலை 9 மணி" என்று இருந்தது. இன்னும் எத்தனை நாட்கள் என்று எண் வரவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

அலுவலகத்துக்கு ஓடிப்போய் அங்கிருந்த கணினியில் அதே பக்கத்தைத் திறந்தேன். "ஆகஸ்ட் 15" என்றிருந்தது. ஒரே முகவரி, ஒரே பக்கம், இரண்டு தேதிகள்! அந்த மனிதர் தம் கைபேசியில் எழுதியிருந்ததை ஓர் எழுத்தும் பிசகாமல் படித்திருந்தார். அவருக்குப் படிக்கத் தெரியவில்லை என்று சொன்ன நான்தான் என் பக்கத்தை அவர் கண்ணால் ஒரு முறைகூடப் படித்துப் பார்க்கவில்லை.

எப்படி இது நேர்ந்தது? எங்கள் கணினி மிஸ் விளக்கிச் சொன்னபோதுதான் புரிந்தது. அதை எனக்குப் புரிந்தவரையில் சொல்கிறேன்.

நாம் ஓர் இணையப்பக்கத்தைச் செய்யும்போது, அச்சகத்தில் அச்சடித்த தாளைப் போல ஒரே படமாக அது எல்லோருக்கும் போய்ச் சேருவதில்லை. நாம் அனுப்புவது சமையல் குறிப்பைப் போன்றது. அதைப் படித்துச் சமைப்பது, பார்ப்பவரின் கைபேசியிலோ கணினியிலோ இருக்கும் உலாவி. குரோம், பயர்பாக்ஸ், சஃபாரி, எட்ஜ் என்று உலாவிகள் பல. ஒரே குறிப்பைக் கொண்டு இரண்டு வீட்டில் சாம்பார் வைத்தால் ருசி சற்று மாறுவதில்லையா? அதுபோல உலாவிக்கு உலாவி பக்கத்தின் தோற்றமும் மாறலாம்.

அந்தக் குறிப்பை மூன்று மொழிகளில் எழுதுகிறோம். என்ன செய்தி என்பதை எச்.டி.எம்.எல் என்ற மொழியில் எழுதுகிறோம். எந்த நிறம், எவ்வளவு இடைவெளி என்ற அலங்காரத்தை சி.எஸ்.எஸ் என்ற மொழியில் எழுதுகிறோம். தானாக எண் குறைவது போன்ற வேலைகளை ஜாவாஸ்கிரிப்ட் என்ற மொழியில் எழுதுகிறோம். இந்த மூன்றுக்கும் குணம் வேறு. முதல் இரண்டும் பொறுமைசாலிகள். உலாவிக்குத் தெரியாத சொல் ஒன்று வந்தால் அதை மட்டும் தாண்டிவிட்டு மற்றவற்றைக் காட்டிவிடும். மூன்றாவது அப்படியல்ல. தனக்குப் புரியாத ஒரு குறி எழுத்தில் இருந்தால், அந்த நிரல் முழுவதையுமே உலாவி ஒதுக்கிவிடும். ஒரு பிழைக்காக விடைத்தாள் முழுவதையும் திருப்பிக் கொடுத்துவிடும் ஆசிரியரைப் போல!

நான் செய்தது இதுதான். முதலில் 16ஆம் தேதியை எச்.டி.எம்.எல்லில் நேராக எழுதியிருந்தேன். பிறகு புதிதாகக் கற்ற வித்தையைக் காட்டும் ஆசையில், ஒரு நிரல் தேதியைப் பட்டியலிலிருந்து எடுத்து அதன்மேல் எழுதும்படி செய்தேன். சிஸ்டர் தேதியை மாற்றியபோது பட்டியலில் மட்டும் 15 என்று திருத்தினேன். அடியில் இருந்த பழைய 16ஐத் திருத்தவில்லை. புதிய உலாவிகளில் நிரல் ஓடிப் பழையதை மறைத்துவிட்டது. அந்த நிரலில் கேள்விக்குறியும் புள்ளியும் சேர்ந்த ஒரு சிறு குறியைப் பயன்படுத்தியிருந்தேன். அது 2020இல்தான் ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் விதிகளில் சேர்ந்தது. குரோம், பயர்பாக்ஸ், சஃபாரி மூன்றும் அவ்வாண்டின் முதல் மூன்று மாதங்களுக்குள் அதைப் புரிந்துகொள்ளத் தொடங்கின. அந்த ஐயாவின் கைபேசியிலிருந்த உலாவியோ அதற்கும் முந்தியது, புதுப்பிக்கப்படாதது. ஆகவே நிரல் ஓடவில்லை. அடியிலிருந்த பழைய தேதியே தெரிந்தது.

கேள்விக்குறி ஒன்று, புள்ளி ஒன்று. அதற்காக ஒரு பிள்ளை ஓர் இரவு முழுவதும் அழுதாள்.

"அறுபத்து மூன்று பேருக்குச் சரியாகத்தானே தெரிந்தது சிஸ்டர்? அவர் ஒருவர் புதுக் கைபேசி வாங்கிக்கொண்டால் சரியாகிவிடும்" என்று என் தோழி எனக்காகப் பரிந்து பேசினாள். சிஸ்டர் கோபிக்கவில்லை. "தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப் போன மேய்ப்பனின் கதையை ஞானோபதேச வகுப்பில் நீதானே நன்றாகச் சொன்னாய்? அந்த ஒன்று வேறு ஆடு வாங்கிக்கொள்ளட்டும் என்றா அவர் சொன்னார்?" என்று கேட்டார்கள். எங்களுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது.

நான் சோர்ந்துபோய் உட்கார்ந்திருந்ததைப் பார்த்த மிஸ், ஒரு பெண்ணின் கதையைச் சொன்னார்கள். அது நம் போன்ற பெண் பிள்ளைகள் எல்லோரும் அறியவேண்டிய கதை.

ஜெனீவா நகருக்கருகே செர்ன் என்ற பெரிய அறிவியல் ஆய்வுக்கூடம் இருக்கிறது. அங்கே பணியாற்றிய டிம் பெர்னர்ஸ் லீ என்பவர் 1989இல் வலை என்ற எண்ணத்தை முன்வைத்து, 1990இல் முதல் உலாவியையும் எழுதினார். ஆனால் அது நெக்ஸ்ட் என்ற ஒரே வகைக் கணினியில்தான் ஓடும். அந்தக் கணினி இல்லாதவர் வலையைக் காண வழியில்லை. அப்போது அங்கே பயிற்சிக்காக வந்திருந்தார் நிக்கோலா பெல்லோ என்ற இங்கிலாந்து மாணவி. கல்லூரியில் கணிதம் படித்துக்கொண்டிருந்தவர். எந்த வகைக் கணினியிலும் ஓடக்கூடிய எளிய உலாவி ஒன்றை எழுதும் பணி அவருக்குத் தரப்பட்டது. அவர் எழுதிய உலாவியில் படமில்லை, நிறமில்லை, சுட்டுவதற்கு மவுஸ்கூடத் தேவையில்லை. வரிவரியாக எழுத்து மட்டும் வரும். இணைப்புகளுக்கு எண்கள் இருக்கும். வேண்டிய எண்ணைத் தட்டினால் அந்தப் பக்கம் வரும். அழகில் அது முதல் உலாவிக்கு ஈடாகாது. ஆனால் பல இடங்களில் பலவகைக் கணினிகளை வைத்திருந்தவர்கள் வலையை முதன்முதலில் கண்டது அதன் வழியாகத்தான்.

பிறகு 1993இல் மொசைக், 1994இல் நெட்ஸ்கேப், 1995இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் என்று வந்தன. கடைசி இரண்டுக்கும் பெரும் போட்டி மூண்டது. கண் சிமிட்டும் எழுத்தை ஒன்று கொண்டுவந்தால், ஓடும் எழுத்தை மற்றொன்று கொண்டுவந்தது. ஒன்றின் குறி மற்றொன்றுக்குப் புரியவில்லை. "இந்தப் பக்கத்தை இன்ன உலாவியில் பார்ப்பது நலம்" என்று பல பக்கங்களின் அடியில் எழுதி வைத்தார்களாம். வீட்டு வாசலில், "இன்ன நிறச் செருப்பு அணிந்தவர் மட்டும் வரவும்" என்று எழுதி வைத்தது போல!

தமிழுக்கு இன்னும் தொல்லை. அந்நாளில் பல தமிழ்த் தளங்கள் தத்தம் எழுத்துருவைத் தனித்தனியே வைத்திருந்தன. அந்த எழுத்துரு நம் கணினியில் இல்லையென்றால் தமிழுக்குப் பதில் கொம்பும் வாலும் முளைத்த அயல்நாட்டு எழுத்துகள்தாம் தெரியும். யூனிகோடு என்ற பொதுவான முறை பரவிய பிறகே அந்தத் துன்பம் நீங்கியது. இன்று உப்பளத்துக் கைபேசியிலும் தமிழ் தமிழாகவே தெரிகிறதென்றால், அதற்குப் பின்னால் பலருடைய உழைப்பு இருக்கிறது.

எல்லோருக்கும் பொதுவான விதிகளை வகுக்க 1994இல் ஓர் அமைப்பு தொடங்கப்பட்டது. டபிள்யூ த்ரீ சி என்று அதைச் சொல்கிறார்கள். 2022 முதல், உலாவிகளைச் செய்யும் நிறுவனங்களே ஒன்றுகூடி, ஆண்டுதோறும் சில வேறுபாடுகளைத் தேர்ந்தெடுத்துக் களைந்து வருகின்றன. பெயர்கள் பலவாயினும், இன்றைய உலாவிகளில் பெரும்பாலானவற்றுக்குள் இருப்பவை பிளிங்க், கெக்கோ, வெப்கிட் என்ற மூன்று எந்திரங்கள்தாம். ஆகவே இன்று நம்மைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டியது உலாவியின் பெயரைவிட அதன் வயதைத்தான் என்றார்கள் மிஸ். புதிய கைபேசி வைத்திருப்பவருக்கு எல்லாம் ஒன்றுபோல் தெரிகிறது. அண்ணன் விட்டதைத் தம்பியும், முதலாளி விட்டதை வேலையாளும் வைத்திருக்கும் வீடுகளில்தான் பக்கம் உடைகிறது.

இதைக் கேட்டபின் எனக்குப் புதுத் தெம்பு வந்தது. பக்கத்தைப் பிரித்து மீண்டும் கட்டத் தொடங்கினேன். இம்முறை என் கண்ணை மட்டும் நம்பவில்லை. போர்டிங்கில் யார் யாரிடம் கைபேசி இருக்கிறதோ அவர்களிடமெல்லாம் கெஞ்சி வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொன்றும் ஒரு பாடம் சொல்லிற்று.

சிஸ்டரின் கைபேசியில் விடுதி எண்ணும் அலுவலக எண்ணும் ஒட்டிக்கொண்டு இருபது இலக்க எண்ணாக நின்றன! அவற்றுக்கிடையே இடைவெளி விட நான் பயன்படுத்திய குறி, வரிசையாக அடுக்கிய பெட்டிகளுக்கு எல்லா உலாவிகளிலும் வந்து சேர 2021 ஆயிற்று. அதை எடுத்துவிட்டு, பழைய முறைப்படி ஓரத்தில் இடம் விட்டு எழுதினேன். எந்தக் குறி எந்த உலாவிக்கு எந்தப் பதிப்பிலிருந்து தெரியும் என்று அட்டவணை தருவதற்கே 'கேன் ஐ யூஸ்' என்றொரு தளம் இருப்பதையும் அப்போதுதான் அறிந்தேன்.

வாட்ச்மேன் தாத்தா கண் பார்வை குறைவால் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கிறார். நானோ பெட்டியின் உயரத்தை அளந்து கட்டியிருந்தேன். எழுத்துப் பெரிதானதும் கடைசி வரி பெட்டியை விட்டு வழிந்து படத்துக்கடியில் மறைந்துவிட்டது. வளரும் பிள்ளைக்குச் சட்டை தைப்பது போல, உயரத்தைக் கட்டாமல் விட்டுவிட வேண்டும் என்று கற்றேன்.

சமையல் அக்கா இணையச் செலவைக் குறைக்கப் படங்கள் வராதபடி வைத்திருந்தார்கள். பெருவிழா அறிவிப்பை நான் அழகான படமாகச் செய்து போட்டிருந்தேன். அவர்களுக்கு அந்த இடத்தில் வெறும் கட்டம்தான் தெரிந்தது. செய்தியை எழுத்திலும் தரவேண்டும், படத்துக்கு மாற்றாக ஒரு சொற்றொடரும் எழுதவேண்டும் என்பது அங்கே கற்ற பாடம்.

இன்னும் மூன்று வரிகளை மிஸ் மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். பக்கத்தின் முதல் வரியில் அது எச்.டி.எம்.எல் ஆவணம் என்று அறிவிக்க வேண்டும். அந்த வரி இல்லாவிட்டால், தொண்ணூறுகளில் எழுதிய பழைய பக்கம் போலும் என்று எண்ணி உலாவி அந்தக் காலத்து வழக்கப்படி காட்டத் தொடங்கிவிடும். இரண்டாவது, எழுத்துமுறை யூனிகோடு வகையைச் சேர்ந்த யு.டி.எஃப் 8 என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் தமிழ் சிதையக் கூடும். மூன்றாவது, பக்கத்தின் அகலம் கைபேசியின் அகலமே என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால், மேசைக் கணினிக்குரிய அகலமான பக்கமென்று எண்ணி, கைபேசி அதைச் சுருக்கி எறும்பளவு எழுத்தாகக் காட்டும்.

அலங்காரத்தில் புதிய குறியைப் பயன்படுத்த ஆசையா? பயன்படுத்தலாம். பழைய குறியை முதலிலும் புதியதை அடுத்தும் எழுதினால், புதியது தெரிந்த உலாவி அதை எடுத்துக்கொள்ளும். தெரியாதது பழையதோடு நின்றுகொள்ளும். இருவருக்கும் குறைவில்லை. எல்லா உலாவிகளிலும் பக்கம் அச்சாக ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்ற பிடிவாதமும் தேவையில்லை. கரையின் நீலம் சற்று மாறினால் யாருக்கும் நட்டமில்லை. தேதி மாறக்கூடாது; எண் மாறக்கூடாது.

ஆகவே தேதியை எச்.டி.எம்.எல்லில் நேராக, ஒரே இடத்தில் எழுதினேன். நாட்களை எண்ணிக் காட்டும் நிரலை விட்டுவிட மனம் வரவில்லை. பத்தாம் வகுப்பு மாணவியும் பிள்ளைதானே! அந்த நிரல் இனித் தேதியைத் தொடாது. எழுதியிருக்கும் தேதியைப் படித்து எண்ணை மட்டும் காட்டும். அது ஓடாவிட்டால் எண் வராது, அவ்வளவே. ஒரு பிள்ளையும் காத்திருக்க வேண்டியதில்லை.

இனி எஞ்சியது ஒன்று. ஆகஸ்ட் 17ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை மாலை அந்தத் தங்கை திரும்பி வந்தாள். கெபிக்கருகே அவளை நிறுத்தி, "உன் அப்பாவைத் தப்பாகச் சொல்லிவிட்டேன். தப்பு என்னுடையது. என்னை மன்னித்துவிடு" என்றேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். பிறகு பையைத் திறந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தாள். "கருப்பட்டி மிட்டாய்க்கா. அந்தப் பக்கம் எழுதுற அக்காவுக்குக் குடுன்னு அப்பா தந்தாங்க" என்றாள். அதை வாங்க என் கை எப்படி நீண்டதென்று எனக்கே தெரியாது.

செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு வந்தது. விடுமுறைக்கான தேதிகளை எழுதி முடித்ததும், சிஸ்டரின் அனுமதியோடு அந்த ஐயாவையே முதலில் அழைத்தேன். "ஐயா, உங்க போன்ல ஒரு தடவை திறந்து வாசிச்சுச் சொல்றீங்களா?" என்று கேட்டேன். மறுமுனையில் பிளாஸ்டிக் உறை சரசரப்பது கேட்டது. சற்று நேரம் கழித்து, பள்ளிப் பிள்ளை பாடம் ஒப்பிப்பது போல நிறுத்தி நிறுத்தி வாசித்தார்: "திரும்ப வரவேண்டிய நாள், அக்டோபர் அஞ்சு, ஞாயித்துக்கிழமை, சாயங்காலம் அஞ்சு மணி. சரிதானாம்மா?"

"சரிதான் ஐயா" என்றேன்.

அன்றிலிருந்து எங்கள் பக்கத்தில் எது மாறினாலும் முதலில் வாசிப்பவர் அவர்தாம். அவர் சரியென்று சொன்ன பிறகே மற்ற அறுபத்து மூன்று வீட்டுக்கும் அறிவிக்கிறோம்.

தோழியரே, உங்களில் பலர் நாளை மருத்துவராகவோ ஆசிரியையாகவோ வருவீர்கள். சிலர் இணையப்பக்கம் செய்கிறவர்களாகவும் வருவீர்கள். நீங்கள் சொன்னது ஒருவருக்குப் புரியவில்லை என்று தோன்றும்போது, அவரைக் கடிந்துகொள்வதற்கு முன் அவர் கையில் இருப்பதை ஒரு முறை வாங்கிப் பாருங்கள். நான் கேட்டுக்கொள்வது அவ்வளவுதான்.

பத்தாம் வகுப்பு மாணவி